மோட்டார்ச் சைக்கிளும் விடுதலை உணர்வும்: போருக்குப் பிந்திய பிரித்தானியாவை அடிப்படையாகக் கொண்ட ஒரு நோக்கு

மனிதன் ஆக்கிக்கொண்ட போக்குவரத்துச் சாதனங்களுள் மோட்டார்ச் சைக்கிளைப் போல விடுதலை என்னும் சொல்லோடு நெருங்கிப் பிணைக்கப்பட்ட சாதனம் பிறிதொன்று உண்டெனக் கூறுதல் அரிது. பேருந்திற் செல்பவன் தான் சென்ற இடத்தைப் பற்றிப் பேசுவான். மோட்டார்க் கார் வாங்கியவன் வசதியையும் அந்தஸ்தையும் பற்றிப் பேசுவான். மோட்டார்ச் சைக்கிளிற் செல்பவனோ தான் விடுபட்டதாகப் பேசுகின்றான். இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் கூறப்படுவதுண்டு. ஒன்று வேகம்; மற்றது முகத்தில் மோதும் காற்று. இவை இரண்டும் போதிய விளக்கங்களாகா. வேகமே காரணமாயின் விரைவுப் புகைவண்டியில் உறங்கிச் செல்லும் பயணி அவ்வுணர்வை மிகுதியாகப் பெற்றிருத்தல் வேண்டும். காற்றே காரணமாயின் லொறியின் திறந்த பின்தட்டில் ஏற்றிச் செல்லப்படும் கூலியாளே விடுதலையின் சுவையை நன்கறிந்தவனாதல் வேண்டும்.

எனவே இவ்வுணர்வைப் பொறியினுள் மட்டும் தேடுவது பொருந்தாது. விடுதலை என்பது எப்பொழுதும் ஏதோ ஒன்றிலிருந்து பெறும் விடுதலையாகும். யார், எதிலிருந்து, எவ்வளவு நேரத்துக்கு விடுபட்டனர் என்னும் வினாக்களை எழுப்பும்போதே மோட்டார்ச் சைக்கிள் தரும் உணர்வு வரலாற்றுப் பொருளுடையதாகின்றது. இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியா தக்கதொரு களமாகும். மோட்டார்ச் சைக்கிளை உற்பத்தி செய்தவர்களும் அதில் ஏறி விடுதலையைத் தேடியவர்களும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினராக இருந்தமை அங்கு காணப்படும் சிறப்பியல்பாகும்.

இவ்வுணர்வுக்கு உடல் சார்ந்த அடிப்படை ஒன்றுண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1885ஆம் ஆண்டில் ஜேர்மனியில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச் சட்டகத்திற் பெற்றோல் எஞ்சினைப் பூட்டி அமைத்த ஊர்தியே மோட்டார்ச் சைக்கிளின் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. அதன் இரு மருங்கிலும் விழாமற் காக்கும் துணைச் சில்லுகள் இரண்டு இருந்தன. அதனால் அது நிமிர்ந்தே ஓடியது. சாய்ந்து திரும்பும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. துணைச் சில்லுகள் நீங்கிய பின்னரே மோட்டார்ச் சைக்கிள் தன் இயல்பைப் பெற்றது. விரைந்து செல்லும் ஒருவன் இடப்புறம் திரும்ப வேண்டுமாயின் கைபிடியின் இடப்பக்கத்தை மெல்ல முன்னோக்கித் தள்ளுகின்றான். முன்சில்லு ஒரு கணம் வலப்புறம் நோக்க, வண்டி இடப்புறம் சாய்ந்து திரும்புகின்றது. இதனை நாள்தோறும் செய்பவருட் பலர் தாம் இவ்வாறு செய்வதை அறியார். அவர்தம் உடல் அதனை அறிந்திருக்கின்றது.

சாய்வு, வேகம், தெருவின் வளைவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைதல் வேண்டும். இசைவு தவறின் அதற்குரிய தண்டனை அக்கணமே கிடைக்கும். இசைவு அமையின் அதன் பலனும் அக்கணமே கிட்டும். செயலுக்கும் விளைவுக்கும் இடையில் மேற்பார்வையாளனோ, நேரம் பதியும் பொறியோ, படிவமோ குறுக்கிடுவதில்லை. தன் கையும் கண்ணும் நிறையும் சேர்ந்து ஒரு பெரும் ஆற்றலை ஆளுகின்றன என்பதைச் செலுத்துபவன் ஐயமின்றி உணர்கின்றான். ஏனைய பொழுதுகளில் இத்தகைய ஆளுகை வாய்க்கப்பெறாத ஒருவனுக்கு இவ்வனுபவம் எத்துணை பெரிதாக இருக்கும் என்பதே இங்கு கருதற்பாலது.

இதற்கு முற்காலத்திலிருந்து காட்டத்தக்க ஓர் எடுத்துக்காட்டு ரீ. ஈ. லோரன்ஸ் ஆவார். முதலாம் உலகப் போரின்போது அரேபியாவிற் புகழீட்டிய இவர், 1922ஆம் ஆண்டிற் பெயரை மறைத்து விமானப் படையிற் கடைநிலைப் படைவீரனாகச் சேர்ந்தார். சிறிது காலம் தாங்கிப் படையிலும் பணியாற்றினார். கட்டளைக்கு எழுந்து கட்டளைக்கு உறங்கும் பாசறை வாழ்வை விரும்பி ஏற்ற இவர், ஓய்வு கிடைத்த வேளைகளிலெல்லாம் புரோ சுப்பீரியர் என்னும் விலையுயர்ந்த மோட்டார்ச் சைக்கிளில் நெடுந்தூரம் சென்றார். அவ்வினத்தைச் சேர்ந்த ஏழு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார். பாசறையின் ஒடுக்கமும் தெருவின் விரிவும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று வேண்டி நின்றன எனலாம். படையிலிருந்து விலகிச் சில வாரங்களே கழிந்த நிலையில், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாது விலக முயன்று தூக்கியெறியப்பட்டார். ஆறு நாட்களின் பின் உயிர் துறந்தார். அவரைப் பார்வையிட்ட மருத்துவர்களுள் ஒருவரின் பிற்காலப் பணி பின்னர் நோக்கப்படும்.

லோரன்ஸ் தேடியது தனிமனிதர் ஒருவரின் தேட்டம். அது ஒரு தலைமுறையின் தேட்டமாக மாறுவதற்குப் பொருளியற் சூழல் மாறவேண்டியிருந்தது. போர் முடிந்த பின்னரும் பிரித்தானியாவிற் பெற்றோல் பங்கீடு 1950ஆம் ஆண்டு மே மாதம் வரை நீடித்தது. பங்கீடு நீங்கியதும் தெருக்கள் திறந்தன. தொழிற்சாலைகளில் வேலைக்குக் குறைவிருக்கவில்லை. பதினைந்து வயதிற் பள்ளியை விட்ட இளைஞன் உடனடியாக ஊதியம் பெறத்தக்கவனாக இருந்தான். மார்க் ஏப்ரம்ஸ் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பதின்ம வயதினரின் மெய் வருமானம் 1938ஆம் ஆண்டைவிட ஏறத்தாழ 50 வீதம் உயர்ந்திருந்தது. அவர்கள் தம் விருப்பப்படி செலவிடக்கூடிய தொகை இருமடங்காகியிருந்தது. வாடகைக் கொள்வனவுக் கட்டுப்பாடுகள் 1958ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டபோது, கையில் முழுப்பணம் இல்லாதவனும் வண்டியை வாங்கக்கூடியவனானான். கட்டாய இராணுவ சேவைக்கு ஆட்களை அழைப்பது 1960ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இவ்வாறு இளமையின் இரண்டு ஆண்டுகளும் வாரந்தோறும் சில பவுண்களும் தொழிலாள இளைஞனின் கையில் எஞ்சின.

இவ்வெச்சத்துக்கு ஏற்ற பொறிகளும் அந்நாட்டிலேயே உருவாயின. எட்வேட் ரேர்னர் வடிவமைத்த ட்ரயம்ப் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் வண்டி 1937ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. கொவென்றி நகரிலிருந்த அந்நிறுவனத்தின் தொழிற்சாலை 1940ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்ததும் மெரிடன் என்னும் சிற்றூரிற் புதிய தொழிற்சாலை 1942ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பெல்பாஸ்ற் நகரைச் சேர்ந்த றெக்ஸ் மக்கான்ட்லெஸ் ஆக்கிய சட்டகத்தை நோர்ட்டன் நிறுவனம் 1950ஆம் ஆண்டு முதல் தன் பந்தய வண்டிகளிற் பயன்படுத்தியது. ட்ரயம்பின் எஞ்சினே சிறந்தது, நோர்ட்டனின் சட்டகமே சிறந்தது எனக் கண்ட இளைஞர்கள் இரண்டையும் இணைத்துத் தாமே புதுவண்டி அமைத்தனர். இரு பெயர்களையும் இணைத்து அதற்கு ட்ரைட்டன் என்று பெயரிட்டனர். இது எந்தத் தொழிற்சாலையின் பட்டியலிலும் இடம்பெறாத வண்டி. பகல் முழுதும் பிறருக்காகப் பிறர் வகுத்த வரைபடத்தின்படி உலோகத்தைக் கடைந்த கைகள், இரவில் தமக்காகத் தம் எண்ணத்தின்படி அதே தொழிலைச் செய்தன. விடுதலை உணர்வு தெருவில் ஏறுவதற்கு முன்னரே கொட்டிலிற் பிறந்துவிட்டது என்பதற்கு ட்ரைட்டன் சான்றாகும்.

இவ்விளைஞர்களின் கூடுமிடங்கள் தெருவோரத் தேநீர்ச் சாலைகளாகும். அவற்றுட் புகழ்பெற்றது இலண்டன் மாநகரின் வடமேற்கே, வட சுற்றுவட்டச் சாலையில் அமைந்த ஏஸ் கபே. லொறிச் சாரதிகளுக்காக 1938ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்று, போரிற் குண்டுவீச்சுக்கு இலக்காகி, 1949ஆம் ஆண்டில் மீளக் கட்டப்பட்ட இச்சாலை இரவு பகலாகத் திறந்திருந்தது. மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டுவது இங்கு கூடியோரின் பேரவாவாக இருந்தது. இசைப்பெட்டியில் நாணயத்தை இட்டுவிட்டு ஓடி, குறித்த இடத்தைச் சுற்றி, இசைத்தட்டு முடிவதற்குள் திரும்பிவரும் பந்தயமும் அங்கு நிகழ்ந்ததாகக் கூறப்படும்.

இப்பந்தயத்தின் வடிவம் கூர்ந்து நோக்கத்தக்கது. அது எவ்விடத்துக்கும் செல்வதன்று. புறப்பட்ட இடத்துக்கே, சில நிமிடங்களுள், திரும்பிவருவது. விடுதலையின் எல்லையைப் பாடல் ஒன்றின் நீளம் வகுத்தது. அவ்வாறே வார இறுதியின் எல்லையைத் திங்கட்கிழமைக் காலையின் ஆலைச் சங்கு வகுத்தது. இவ்விளைஞர் தம் வாழ்க்கையை விட்டு ஓடவில்லை. அதன் இடைவெளியில் ஓடினர். இடைவெளி குறுகியதாக இருந்தமையாற்றான் வேகம் பெரிதாக வேண்டியிருந்தது.

இவ்வெளிப்பாட்டைப் பிரித்தானியச் சமூகம் அச்சத்தோடு நோக்கியது. மார்லன் பிராண்டோ ட்ரயம்ப் வண்டியிற் தோன்றும் ஒரு திரைப்படம் அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிரித்தானியத் தணிக்கையாளர் 1967ஆம் ஆண்டு வரை அதற்கு அனுமதி வழங்க மறுத்தனர். பயில்வோர் 250 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வண்டியைச் செலுத்தலாகாது என்னும் விதி 1961ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. வேக எல்லையின்றித் திறக்கப்பட்ட மோட்டார் நெடுஞ்சாலைகளுக்கு 1965ஆம் ஆண்டின் இறுதியில் 70 மைல் எல்லை விதிக்கப்பட்டது. தோலாடை அணிந்த றொக்கர்களும் இத்தாலிய ஸ்கூட்டர்களிற் சென்ற மொட்ஸ் எனப்பட்ட இளைஞர்களும் 1964ஆம் ஆண்டில் கிளாக்ரன், மார்கேற், பிறைற்றன் முதலிய கடற்கரை நகரங்களில் மோதிக்கொண்டபோது, நாட்டின் ஒழுங்கே குலைந்ததுபோலச் செய்தித்தாள்கள் எழுதின. சமூகவியலாளரான ஸ்ரான்லி கோகன் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நிகழ்ந்தவற்றைவிட எழுதப்பட்டவை பன்மடங்கு பெரிதாக்கப்பட்டவை எனக் காட்டினார். 'அறநெறிப் பீதி' என்னும் கருத்துச் சமூகவியலில் நிலைபெறுவதற்கு இவ்வாய்வே வழிசெய்தது. இதற்கு மாறாகக் குறிப்பிடத்தக்கது கிழக்கு இலண்டனில் இயங்கிய 59 கழகமாகும். பில் ஷேர்கோல்ட் என்னும் பாதிரியார் அஞ்சியஞ்சி ஏஸ் கபேக்குச் சென்று அழைப்பு விடுத்தார். 1962ஆம் ஆண்டில் மோட்டார்ச் சைக்கிள் இளைஞர்கள் அவரது தேவாலயத்திற் திரண்டனர். அஞ்சப்பட்டவர்கள் அழைக்கப்பட்டபோது வந்தனர் என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மையாகும்.

இவ்விடத்தில் மற்றொரு வினாவும் எழுகின்றது. இவ்விடுதலை எல்லார்க்கும் உரியதாக இருந்ததா? தேநீர்ச் சாலைகளுக்கு வந்த பெண்கள் பெரும்பாலும் பின்னிருக்கையிலேயே அமர்ந்து வந்தனர். பெண்களால் இயலாமை இதற்குக் காரணமன்று. பொறியியலாளரான பீற்றிஸ் ஷில்லிங் 1934ஆம் ஆண்டிற் புறூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நோர்ட்டன் வண்டியில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்திற் சுற்றி அதற்குரிய தங்க நட்சத்திரத்தைப் பெற்றிருந்தார். தெரேசா வொலக், புளோறன்ஸ் பிளென்கிறன் ஆகிய இருவரும் 1934ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனிலிருந்து பக்கப்பெட்டியும் இழுவண்டியும் பூட்டிய மோட்டார்ச் சைக்கிளிற் புறப்பட்டு, சகாராப் பாலைவனத்தைக் கடந்து, மறு ஆண்டு யூலையிற் கேப்ரவுன் நகரை அடைந்தனர். எனினும் இருபது ஆண்டுகளின் பின்னரும் ஆலைப் பெண்ணின் ஊதியம் ஆணின் ஊதியத்தைவிடக் குறைவாகவே இருந்தது. மாலை வேளையில் அவளை வீட்டுவேலை காத்திருந்தது. ஓய்வு நேரமும் கைப்பணமும் இல்லாதவிடத்து, திறமை மட்டும் ஒருவரை முன்னிருக்கையில் அமர்த்திவிடாது. விடுதலை உணர்வுக்கும் ஒரு விலை உண்டென்பதும், அவ்விலையைச் செலுத்த வல்லோரே அதனைப் பெற்றனர் என்பதும் இதனாற் புலனாகும்.

விலையின் மறுபக்கம் உயிராகும். லோரன்ஸைப் பார்வையிட்ட நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கேன்ஸ், போர்க்காலத்தில் இத்துறையை ஆராய்ந்தார். போரின் முதல் 21 மாதங்களில் 2,279 மோட்டார்ச் சைக்கிளோட்டிகளும் பின்னிருக்கைப் பயணிகளும் தெரு விபத்துக்களில் இறந்தமையை 1941ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டித் தலைக்கவசத்தின் தேவையை வலியுறுத்தினார். அவ்வாண்டின் இறுதியில் இராணுவம் அதனைக் கடமை நேரத்திற் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் மேலும் முப்பதாண்டுகள் கடந்து 1973ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தை இரு சாரார் எதிர்த்தனர். தலைப்பாகை அணிதலை மதக் கடமையாகக் கொண்ட சீக்கியர்கள் அதற்கு இணங்க மறுத்தனர். இரு உலகப் போர்களிலும் தலைப்பாகையுடன் பிரித்தானியாவுக்காகப் போரிட்ட தம்மவரை அவர்கள் நினைவூட்டினர். 1976ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றின் மூலம் அவர்களுக்கு விலக்களித்தது. மற்றையோர் தம் தலை தமக்கே உரியது என வாதித்தவர்கள். அவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியரான பிறெட் ஹில், அபராதத்தைச் செலுத்த மறுத்துப் பலமுறை சிறை சென்று, 1984ஆம் ஆண்டில், தமது 74ஆவது வயதிற் சிறைவாசத்தின்போதே இறந்தார். இவ்விரு எதிர்ப்புக்களும் ஒன்றல்ல. முன்னையது ஒரு சமூகம் தன் அடையாளத்தோடு பொதுத்தெருவிற் செல்லும் உரிமையைக் கோரியது. பின்னையது அரசின் கை தனிமனிதனின் உடலை எந்த எல்லைவரை தீண்டலாம் என வினவியது. விபத்துக்குள்ளானவனைத் தூக்குபவரும் சிகிச்சையளிப்பவரும் அவனை எதிர்பார்த்து வீட்டில் இருப்பவரும் உள்ளவரை, இவ்வினாவுக்குத் தனிமனிதன் மட்டும் விடை கூறிவிட முடியாது. எனினும் வினாவே பொருளற்றது எனத் தள்ளுவதும் பொருந்தாது.

போல் வில்லிஸ் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் உதவுகின்றது. ஆங்கிலப் பெருநகர் ஒன்றின் மோட்டார்ச் சைக்கிள் இளைஞரோடு பழகி ஆராய்ந்த இவர், அவர்கள் காற்றையும் ஒலியையும் ஆபத்தையும் தடுக்கும் எதனையும் விரும்பாமையைக் கண்டார். பொறியை ஆளும் திறமையும் ஆபத்தின் எதிரில் நிலைகுலையாமையும் அவர்களது பண்பாட்டின் மையமாக இருந்தன. பள்ளியும் ஆலையும் மதிக்காத ஒருவன், மதிப்பைத் தானே நிறுவிக்கொள்ளும் இடம் தெருவாயிற்று. தொழிலில் தன் ஆற்றலிலிருந்து அந்நியமாக்கப்பட்டவன் அவ்வாற்றலைத் தெருவில் மீளப் பெறுகின்றான் எனக் கொள்ளின், மோட்டார்ச் சைக்கிளில் உணரப்படும் விடுதலையின் உட்பொருள் தெளிவாகும். ஆயினும் அவன் மீளப் பெற்றது ஆற்றலின் உணர்வையேயாகும். திங்கட்கிழமையின் நிலையை அது மாற்றவில்லை.

அந்நிலையை மாற்றும் முயற்சி ஒன்று, விந்தையாக, மோட்டார்ச் சைக்கிள் தொழிற்சாலையிலேயே தோன்றியது. யப்பானிய ஹொண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட சுப்பர் கப் என்னும் சிறுவண்டி, கிளச்சுப் பிடி இல்லாதது, ஏறி இறங்க எளியது, கடைக்காரனுக்கும் இல்லத்தரசிக்கும் ஏற்றது. 2017ஆம் ஆண்டளவில் அது 10 கோடிக்கு மேல் உற்பத்தியாகியிருந்தது. வேகத்தைப் பற்றிப் பேசாது, அன்றாடம் நடந்து களைத்த கோடிக்கணக்கானோருக்குத் தூரத்தைச் சுருக்கிக் கொடுத்த விடுதலை அது. இதே நிறுவனம் 1969ஆம் ஆண்டில், நான்கு சிலிண்டரும் மின்சாரத் தொடக்கியும் கொண்ட பெருவண்டியை வெளியிட்டபோது, பழைய பொறிகளிலும் பழைய முறைகளிலும் தங்கியிருந்த பிரித்தானிய நிறுவனங்கள் ஈடுகொடுக்க இயலாது தளர்ந்தன. 1973ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மெரிடன் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிக்கப்பட்டது.

தொழிலாளர் வாயில்களை மறித்து ஆலையைத் தம் வசப்படுத்தினர். பதினெட்டு மாதப் போராட்டத்தின் பின், கைத்தொழில் அமைச்சரான ரோனி பென்னின் ஆதரவோடு ஏறத்தாழ 50 இலட்சம் பவுண் அரச கடனும் கொடையும் பெற்று, 1975ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். தொடக்கத்தில் அனைவருக்கும் சம ஊதியம் வழங்கப்பட்டது. பொனவில் என்னும் புகழ்பெற்ற வண்டியை, மேலாளரின் கட்டளையின்றி, அதனை ஆக்கியோரே தம் பொறுப்பில் ஆக்கினர். முதலீட்டுக் குறைவும் சந்தை வீழ்ச்சியும் அம்முயற்சியை 1983ஆம் ஆண்டில் முடிவுக்குக் கொணர்ந்தன. அது தோல்வியெனக் கூறுவோர் உளர். எனினும் பிறர் தெருவிற் சில நிமிடம் உணர்ந்ததை, இத்தொழிலாளர் வேலை நேரத்திலேயே எட்டாண்டுகள் நிலைநிறுத்த முயன்றனர் என்பதை வரலாறு மறத்தலாகாது.

இதுவரை நோக்கியவற்றால் ஒன்று பெறப்படுகின்றது. மோட்டார்ச் சைக்கிள் தரும் விடுதலை உணர்வு பொய்யன்று. தன் உடலும் அறிவும் ஒன்றுபட்டு ஓர் ஆற்றலை ஆளும்போது மனிதன் அடையும் மெய்யான மகிழ்ச்சி அது. ஆனால் அதன் தீவிரம், ஏனைய பொழுதுகளில் அவன் எவ்வளவு கட்டுண்டிருந்தான் என்பதன் அளவாகவும் அமைகின்றது. ஒரு சமூகத்தின் இளைஞர் உயிரையும் பணயம் வைத்துத் தெருவில் விடுதலையைத் தேடுவாராயின், அவர்களது வேகத்தை அளப்பதோடு பொலிஸாரின் கடமை முடியலாம். சமூகத்தின் கடமை முடியாது. அவர்கள் எங்கிருந்து புறப்பட்டு வந்தனர் என்பதையும் அது கேட்டல் வேண்டும். 1969ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஏஸ் கபே 2001ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு இன்று முதியோரும் இளையோரும் பழைய வண்டிகளைக் கண்டு மகிழ்கின்றனர். மெரிடன் ஆலை நின்ற இடத்திலோ வீடுகள் எழுந்துவிட்டன. தெருவில் உணர்ந்த விடுதலையைப் போற்றிப் பேணும் உலகம், ஆலையினுள் தேடப்பட்ட விடுதலையை அத்துணை எளிதில் நினைவுகூர்வதில்லை.